பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சுண்டல் கடை

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதுதான் சுலபம். மீதி நேரமெல்லாம் பந்தல், மேடை, மைக் செட் என்று போய்விடும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் வேலம்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். போன வருஷம் எங்கள் பள்ளியின் பெற்றோர் விழாவில் நல்ல சாப்பாட்டுக்கென்று ஒரு கடை போட்டேன். அந்த அனுபவம்தான் இது.

யோசனை சொன்ன பலன்

எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குப் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் வேலை. பிள்ளை எழுந்து பல் துலக்கும் நேரத்தில் அவர்கள் கம்பெனி வேனில் ஏறியிருப்பார்கள். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலைச் சாப்பாடு உண்டு. ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கிடையாது. பெரிய பிள்ளைகளில் பலர் வரும் வழியில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டு வருவார்கள். அதுவும் இல்லாதவர்கள் பிரேயரில் நிற்கும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு விழுவார்கள்.

விழாவுக்கான கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். பஜ்ஜிக் கடையோடு உடம்புக்கு நல்லதாக ஒரு கடையும் போடலாம், பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் பிரேயருக்கு முன்னால் தினமும் அதையே கொடுக்க வழி பார்க்கலாம் என்றேன். பிள்ளைகள் தொடாத பண்டத்துக்காகப் பெற்றோர் முன்னால் போய் நிற்கத் தலைமையாசிரியைக்கு மனமில்லை. கடைசியில் சொன்னார்: "கடை போடுங்க டீச்சர். புள்ளைங்க சாப்பிட்டாங்கன்னா பெத்தவங்ககிட்ட நானே பேசறனுங்க. சாப்பிடலீன்னா இந்தப் பேச்சை இதோட உட்டுப்போடோணும்."

சத்து

என்ன விற்கலாம் என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனோஜ் என்பவர் எழுந்தார். பீகாரிலிருந்து வந்து, ஒரு கம்பெனியில் அயர்ன் டேபிளில் வேலை செய்கிறவர். "சத்து" என்றார். "ஆமாங்க, சத்துதான் வேணும். எந்தப் பண்டத்துல?" என்றேன். "சத்து, மேடம்" என்றார் மறுபடியும். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், ஆனால் உட்காரவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள்தான், "அந்த மாவு பேரே சத்துதான் டீச்சர்" என்று விளக்கினாள்.

மறுநாள் காலையில் ஒரு பெரிய பாட்டிலில் கரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வறுத்த கடலையின் மாவு, தண்ணீர், எலுமிச்சை, உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம். ஆசிரியர் அறையில் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். மோர் போல இறங்கியது, வயிறும் நிறைந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியவர் வாசலில் நின்று சொன்னார்: "நமக்கு நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை மேடம். காலையில இது குடிச்சா மத்தியானம் வரைக்கும் கால் நிக்கும்."

என் கேழ்வரகு உருண்டை

என் பங்குக்குக் கேழ்வரகு மாவை வறுத்து, வெல்லப்பாகு ஊற்றி, உருண்டை பிடித்து எட்டாம் வகுப்புக்கு எடுத்துப் போனேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி வெகுநேரம் மென்றாள். பிறகு எழுந்து நின்று, என் மனம் நோகாமல் சொன்னாள்: "நல்லாருக்குதுங்க டீச்சர். ஆனா எனக்கு இனி வேண்டாமுங்க."

ஷிப்மென்ட்

உருண்டை போன இடத்தில் ஜெசிந்தாவின் சுண்டல் வந்தது. எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா ஜெசிந்தா; சாத்தான்குளம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை செய்கிறவர். உடன் வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து கடையை முழுதாக எடுத்து நடத்துவதாகச் சொல்லியிருந்தார். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. வெளிநாட்டுக்கு அவசரமாக ஷிப்மென்ட் போகிறது, ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் வேலைக்கு வந்தாக வேண்டும். எங்கள் ஊரில் ஷிப்மென்ட் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கடையைக் கைவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் நான் பந்தலில் நிற்கும்போது கம்பெனி வேன் பள்ளி கேட்டில் வந்து நின்றது. உள்ளே சீட்டுகளில் எல்லாம் பாத்திரங்கள். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு என்று தனித்தனியாக வேகவைத்து மூடியிருந்தார்கள். பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்திருந்தார்கள். நானும் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். பாத்திரங்களை இறக்கியதும் ஜெசிந்தா ஜன்னலில் தலையை நீட்டினார்: "தேங்காய இப்பமே போட்டுராதிய டீச்சர், கெட்டுப் போவும். நாங்க நிக்காட்டா என்ன, சுண்டல் வந்துட்டுல்லா."

பக்கத்துக் கடைக்காரர்

கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமிதான் வருஷா வருஷம் பஜ்ஜிக் கடை போடுவார். அவர் வாணலியில் மிளகாய் விழுந்ததும் மைதானமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. என் கடையில் சக ஆசிரியர்கள் இரண்டு பேர், அவர்களும் என் முகத்துக்காக. மனோஜ் சத்துப் பானையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியை ஒருமுறை தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்போது பழனிச்சாமி அடுப்பை அணைத்தார். எண்ணெய் மாற்ற வேண்டும், நேரமாகும், அதுவரை பக்கத்துக் கடையில் சாப்பிடுங்கள் சாமி என்று வரிசையில் நின்ற பிள்ளைகளை எங்கள் பக்கம் அனுப்பினார். மனசில்லாமல்தான் வந்தார்கள். மாங்காயும் தேங்காயும் தூவிக் கொடுத்ததும் முதலில் வந்தவர்கள் திரும்பவும் கையை நீட்டினார்கள். சத்துப் பானையைச் சுற்றி நெரிசல். எங்கள் பாத்திரங்களில் அடி தெரியும் வரை அவர் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை, எண்ணெயையும் மாற்றவில்லை. நன்றி சொல்லப் போனேன். நிமிர்ந்து பார்க்காமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம்பட பையனும் காலைல வெறும் வயித்தோடதானுங்க வர்றான் டீச்சர்."

கை தூக்கியவர்கள்

பரிசு கொடுக்கும் முன்னால் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். சொன்ன சொல் தவறாமல், பிள்ளைகள் சாப்பிட்டதைச் சொல்லி, காலைச் சுண்டலுக்குப் பெற்றோரிடம் ஆள் கேட்டார். வீதிக்கு ஒரு நாள் செய்து கொடுப்பது என்று பேச்சு எழுந்தது. கம்பெனியிலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்ற ஜெசிந்தா தங்கள் காலனிக்குத் திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து மனோஜ் கையைத் தூக்கினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை: "வெள்ளிக்கிழமை நான், மேடம்."

இப்போது மணி அடிப்பதற்கு வெகுமுன்பே பள்ளிக்கு ஓடி வருகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, முதல் பீரியட் கணக்குப் பாடத்தின் மேல் இவ்வளவு ஆசையா என்று புதிதாக வந்திருக்கும் கணக்கு சார் பூரித்துப் போகிறார், எங்களில் யாருக்கும் அவரிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.