எங்கள் ஊர் விலக்கான கதை

பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்த வருஷத்தில்தான் எங்கள் ஊரும் புளிக் கூட்டிலிருந்து பிரிந்தது. பர்மா பிரிந்ததற்கு வெள்ளைக்காரன் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதியிருப்பான். எங்கள் ஊர் பிரிந்ததற்குக் காரணம் மூன்று புளியங்கொட்டைகள். மூன்றும் என் கை தவறிப் போனவை. என் நாத்தனாரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. இப்போது சொன்னால் என்னைத் திட்ட ஆளில்லை என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

கூட்டு என்றால் சோற்றில் பிசைகிற கூட்டு இல்லை. எங்கள் பக்கத்து நாலு ஊர்க்காரர்கள் புளி அனுப்புவதற்காகச் சேர்ந்து வைத்திருந்த ஏற்பாடு. ஒரு ஊர்ப் புளி ஒரு ரயில் பெட்டியை நிறைக்காது. நாலு ஊர்ப் புளியும் சேர்ந்தால் நிறையும். நிறைந்த பெட்டி மொரப்பூரில் கிளம்பினால் மதராஸில்தான் கதவு திறக்கும். நிறையாத பெட்டிக்கு எந்த மரியாதையும் கிடையாது. அதனால் நாலு ஊர் மூட்டைக்கும் ஒரே நீல மை முத்திரை, ஸ்டேஷன் பக்கத்தில் பொதுவாக ஒரு தகரக் கொட்டகை, அதற்கு ஒரு காவல்காரர், அப்புறம் ஏகப்பட்ட சட்டம்.

சட்டம் போடுவதில் என் மாமனாரை மிஞ்ச ஆளில்லை. கூட்டில் சேராத வெளியூர் வண்டி எங்கள் பாதையில் வந்தால் மூட்டைக்கு ஒரு கைப்பிடி புளி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றது அவர்தான். கூட்டின் ஆட்கள் வெளியூர் மூட்டையைத் தூக்கக் கூடாது என்றதும் அவர்தான். கொட்டகைத் தண்ணீர்ப் பானையை வெளியாள் தொடக் கூடாது, கேட்டால் கையில் ஊற்ற வேண்டும் என்றதும் அவரேதான். "கூட்டுல இல்லாதவனுக்குக் கூட்டோட சொகம் எதுக்குங்க?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு கேட்பார்.

அவர் போடாத சட்டம் ஒன்றே ஒன்றுதான். மூட்டையில் ஓடு, நார், கொட்டை இருக்கக் கூடாது என்பது பெரியூர்க்காரர் போட்டது. அவர்தான் கூட்டுக்குத் தலைவர். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். அவருடைய மகனுக்குத்தான் என் நாத்தனாரைப் பேசி முடித்திருந்தார்கள். வைகாசியில் கல்யாணம்.

மாசி முழுக்க நானும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து புளி தட்டினோம். மாப்பிள்ளை பார்க்க எப்படி இருப்பார் என்று தினமும் கேட்பாள். நான் அவரைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருந்தேன். ஒரு நாள் எழுந்து, அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடையை நடந்தே காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கொட்டை எடுக்காத புளி ஒரு கைப்பிடி கூடைக்குள் போய்விட்டது.

கொட்டகையில் பெரியூர்க்காரர் கையை விட்டதும் அந்த மூட்டையில்தான். உள்ளங்கையில் மூன்று கொட்டைகளோடு கை வெளியே வந்தது.

"சம்மந்தி, கொட்ட இருக்குதுங்களே."

"கொட்ட இல்லாம காய்க்கச் சொல்லி மரத்துக்கிட்ட நீங்களே போயிச் சொல்லுங்க" என்றார் மாமனார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே."

நாலு ஊர் ஆட்கள் முன்னால் இப்படிச் சொன்னது மாமனாருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மூட்டைகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "கூட்டுல இருந்து நாம இன்னியோட வெலக்கு! பர்மாவே தனியாப் போவுதாம். நம்மூரு போனா என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் விலக்கு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாசத்தில் மூன்று நாள் பெண்கள் மாட்டுக் கொட்டாய் ஓரம் தனித் தட்டோடும் தனிப் பாயோடும் உட்காருவது. மாமனார் ஊரையே தூக்கி அங்கே உட்கார வைத்துவிட்டார்.

"அப்ப கல்யாணம்?" என்று மாமியார் கேட்டார்.

"கூட்டே இல்லீன்னா கல்யாணம் என்னத்துக்கு?"

என் சிரிப்பு அங்கேயே நின்றது. நாத்தனார் மாட்டுக் கொட்டாய்க்குள் போய் அழுதாள். என் கை செய்த தப்புக்கு அவள் வாழ்க்கை போகிறதே என்று எனக்குக் களி இறங்கவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "அழுவாத. வெலக்குன்னா மூணு நாளுதான? நாலாம் நாளு தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வந்துதான ஆவோணும்" என்றேன். அழுகைக்கு நடுவில் அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் மாமியார் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

சித்திரையில் எங்கள் ஊர்ப் புளி தனியாகக் கிளம்பியது. மூட்டை தூக்க ஆள் வராது என்பதால் மாமனார் வீட்டோடு எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மொரப்பூர் போக வேறு வண்டிப் பாதை கிடையாது, பெரியூர் வழியாகத்தான் போக வேண்டும். ஊர் எல்லையில் ஒருவன் நின்று வண்டியை மறித்தான்.

"மூட்டைக்கு ஒரு கைப்பிடிங்க."

"என்னையவாடா கேக்கற?"

"நீங்க போட்ட சட்டந்தானுங்க."

தேடிப் பிடித்துப் பெரிய கைக்காரனாக நிறுத்தியிருந்தார்கள். அவன் ஒவ்வொரு தடவை கையை விடும்போதும் மாமனாருடைய மீசை ஒரு துடிப்புத் துடித்தது.

ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க் எங்கள் மூட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். "இது பாதிப் பெட்டிகூட நெறையாதுங்களே. மதராசுக்கு வேற சரக்கு வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கோணும். ஒரு நாளும் ஆவும், ஒம்பது நாளும் ஆவும்."

"பர்மாவே தனியாப் போயிருக்குது" என்று மாமனார் ஆரம்பித்தார்.

"பர்மாகிட்ட ஊரெல்லாம் திங்கிற அரிசி இருக்குது, ஏத்தக் கப்பல் இருக்குது. உங்ககிட்ட என்னங்க இருக்குது?"

"புளி."

"புளிய மட்டும் திங்க முடியாதுங்களே" என்று சொல்லிவிட்டு கிளார்க் உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊரின் மற்ற வண்டிகள் மூட்டைகளை இறக்கிவிட்டு ஊர் திரும்பின. மாடு கன்றைப் பார்க்க என் வீட்டுக்காரரும் அவற்றோடு போய்விட்டார். கொட்டகைக்கு எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் மூட்டைகளை அடுக்கி, ஈச்சம்பாயைப் போர்த்தி, நாங்கள் காவல் உட்கார்ந்தோம். முதல் நாள் வெயிலில் நாக்கு வறண்டு மாமனார் கொட்டகைப் பக்கம் போனார். கூட்டை விட்டு வந்தாலும் கூட்டின் தண்ணீர் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! காவல்காரர் பானையைத் தொட விடவில்லை. ரொம்ப மரியாதையாக, "கையக் காட்டுங்க" என்றார். மாமனார் குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைக்க, காவல்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார். பாதி வாய்க்குள்ளும் பாதி மீசையிலும் விழுந்தது.

மாசாமாசம் எனக்குத் தண்ணீர் அப்படித்தான் விழும். இவருக்கும் ஒரு தடவை விழட்டுமே என்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அன்றைக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் இரண்டாம் நாள் தாகம் எடுத்தும் அவர் அந்தப் பக்கம் போகாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

மனசு தாங்காமல் அன்றைக்கே நாத்தனாரிடம் கொட்டைக் கதையைச் சொல்லிவிட்டேன். அரை நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் கைப்பிடி அண்ணி?"

"அவரு நடைய நடந்து காட்டுனேனே, அப்பத்தான்."

முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். "சிரிச்சது நானுந்தான" என்றாள். பாவத்தில் பாதியை அவள் எடுத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் பெரியூர் வண்டிகளும் மற்ற இரண்டு ஊர் வண்டிகளும் வந்தன. மூட்டைகள் கொட்டகைக்குள் போயின. அப்போதுதான் கூத்து தெரிந்தது. நாலு ஊர்ப் புளியில் எங்கள் ஊர் குறைந்துபோனதால் அவர்கள் பெட்டியும் நிறையவில்லை. இரண்டு சரக்கையும் ஒரே பெட்டியில் ஏற்ற இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பெரியூர்க்காரர் கொட்டகைக்குள் உட்கார்ந்தார், மாமனார் மரத்தடியில் உட்கார்ந்தார். நடுவில் பத்தடி தரை. அதைக் கடந்து யார் முதலில் பேசுவது? மாப்பிள்ளை மட்டும் ஏற்கெனவே கட்டியிருந்த வண்டிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்து அவர் நடந்தபோது நாத்தனார் என் தொடையில் கிள்ளினாள்.

நாலாம் நாள் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. கோடை மழை சொல்லிவிட்டா வரும்? புளியில் தண்ணீர் பட்டால் ஒரு வருஷப் பாடும் போச்சு. பெரியூர்க்காரர் எழுந்து கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மாமனாரும் ஒரு வார்த்தை கூப்பிடட்டும் என்று மூட்டைக்கு முன்னால் விறைத்து நின்றார். சடசடவென்று ஊற்றத் தொடங்கியது. மாமனாருடைய மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போய்விட்டது. நாத்தனார் மூட்டைகள் மேல் குப்புற விழுந்து பாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாமியார்தான் எழுந்து நின்றார். ஆம்பளைகள் முன்னால் குரல் உயர்த்தி நான் பார்த்திராத மாமியார்.

"ஏனுங்க! வெலக்காகி வெளிய உக்காந்து மூணு நாளும் ஆச்சு. இப்பத் தலைக்கும் ஊத்தியாச்சு. இன்னும் என்னத்துக்கு நிக்கிறீங்க? உள்ள போங்க!"

 கொட்டகைக்குள்ளிருந்து பெரியூர்க்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தகரம் அதிர்ந்தது. "தங்கச்சி சொல்றது நாயந்தானுங்க சம்மந்தி, வாங்க, வாங்க!" என்று மழையில் ஓடி வந்து அவரே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார். மாப்பிள்ளை இரண்டு இரண்டாகத் தூக்கினார். மாமனார் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். எல்லாம் அடுக்கி முடித்ததும் பெரியூர்க்காரர் பழக்க தோஷத்தில் ஒரு மூட்டைக்குள் கையை விடப் போனார். பாதி வழியில் கை நின்றது. அதே கையால் பானையில் தண்ணீர் மொண்டு செம்போடு மாமனாரிடம் நீட்டினார்.

மறுநாள் நிறைந்த பெட்டியாக எங்கள் புளி மதராஸ் போனது. வைகாசியில் நாத்தனார் பெரியூர் போனாள். கல்யாணப் பந்தலில் நான் அவளைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினேன். மாலையும் கழுத்துமாக அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த ஆனியில் ஒரு நாள் என் முறை வந்தது. தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டாய் ஓரம் போய் உட்கார்ந்தேன். கிணற்றடிக்குப் போன மாமனார் என்னைப் பார்த்ததும் நின்றார். மீசையை ஒரு தடவை தடவினார். திரும்பிப் போய் வாசலில் நின்று மாமியாரைக் கூப்பிட்டார்.

"மழ வர்றாப்புல இருக்குது. அந்தப் புள்ளய உள்ள வந்து உக்காரச் சொல்லு."

மாமியார் முறத்தோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.