முப்பத்தெட்டாவது வரிசை

எங்கள் இறால் நோய் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஆறு பேர். திரையைப் பார்த்ததும் "இது சரியில்லையே" என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் கல்லூரியை இரண்டாம் வருடத்திலேயே விட்டவர். பெயர் லுடிவினா பால்மாரெஸ், வயது ஐம்பத்து மூன்று. எங்கள் ஊர் இலோய்லோவில் அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும் சொல்வோம், ஆகவே எல்லோருக்கும் அவர் மனாங் லுடி. எனக்கு நாற்பது வயதாகித் தலையும் வழுக்கை. அவருக்கு நான் இன்னும் 'தோதோ', அதாவது சின்னப் பையன்.

குளங்களிலிருந்து வரும் இறாலை அறுத்துக் கொடுப்பது என் வேலை. அதிலிருக்கும் வைரஸின் புரதம் எழுத்துகளாகக் கணினிக்கு வந்து சேரும். ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம், ஒரு குளத்துக்கு ஒரு வரிசை. மென்பொருள் அந்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒரே எழுத்துகள் மேலும் கீழும் நேராக விழும்படி வைத்து நிறம் பூசும். எழுத்து குறைகிற இடத்தில் ஒரு சிறு கோடு போடும். எந்த இடம் வைரஸின் எந்தப் பகுதி, அங்கே எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று குறிப்பு எழுதுவது மனாங்கின் வேலை. இருபத்தோரு வருடமாக அதைத்தான் செய்கிறார்.

அவருக்கு ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. சந்தையில் ஒரு கூறு மீனில் ஒன்று மட்டும் தலை மாற்றிக் கிடந்தால், காரணம் தெரிந்துகொண்டுதான் பணத்தை எடுப்பார். மீன்காரிக்கு எரிச்சல் வரும். எனக்கும் வரும், ஏனென்றால் பின்னால் பையைச் சுமந்துகொண்டு நிற்பவன் நான்தான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் தலைவர் டாக்டர் ஹலாந்தோனி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். மொத்தம் அறுபத்திரண்டு வரிசைகள். அதில் முப்பத்தெட்டாவது மட்டும் ஓரிடத்தில் மூன்று எழுத்து மாறியிருந்தது. வைரஸ் இறாலின் உடம்பைப் பற்றிக்கொள்ளும் இடம் அது. புது வகை என்று முடிவு கட்டிவிட்டார். மணிலா மாநாட்டுக்கு அன்றே ஒரு கட்டுரைச் சுருக்கம் தயாரானது, ஆசிரியர் பட்டியலில் மூன்றாவதாக மனாங்கின் பெயர். அவர் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. அன்று மாலையே தேவாலயத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

அந்த வரிசை பக்கத்து ஊர் லெகானெஸில் கிறிஸ்புலோ என்பவரின் குளத்திலிருந்து வந்தது. புது வகை பரவக்கூடாது என்று மீன்வளத் துறை அன்றே உத்தரவு போட்டது. வியாழக்கிழமை குளத்தை வற்றவைத்து, இறாலையெல்லாம் புதைத்து, சுண்ணாம்பு போட வேண்டும். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மனாங் பான்டேசால் ரொட்டியைக் காபியில் முக்கினார். முக்கினது முக்கினபடியே இருக்க, ரொட்டி கரைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"தோதோ, இங்க வா. மாறின எழுத்து மூணையும் பாரு."

"பாத்தேன் மனாங். நேத்துலேருந்து ஊரே பாக்குது."

"மாறினது மட்டும்தான் பாத்தீங்க. எதுவா மாறியிருக்குன்னு யாராவது பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் மத்த குளத்துல அதுக்கு இடப்பக்கம் இருக்கிற எழுத்து. மூணுமே அப்படித்தான். எழுத்து எங்க மாறியிருக்கு? ஜீப்னி வண்டி பெஞ்சுல எல்லாரும் ஒரு இடம் நகந்து உக்காந்த மாதிரி இருக்கு."

"ஏன் நகரணும்?"

"அதான் எனக்கும் தெரியணும்."

மதியம்வரை மனாங் அந்த வரிசையையே எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அந்த மூன்று எழுத்துக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய சிறு கோடு இடப்பக்கம் இருந்தது. அதை வலப்பக்கம் வைத்ததும் மூன்று எழுத்தும் மற்றக் குளங்களோடு அச்சாகப் பொருந்திவிட்டன. மென்பொருள் முதலில் அடுக்கித் தந்த கோப்பைத் தேடித் திறந்தார். அதில் கோடு வலப்பக்கம்தான் இருந்தது. அப்படியானால் யாரோ கையால் நகர்த்தியிருக்கிறார்கள். அந்தக் கோப்பில் கை வைக்கிறவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

"நான்தான்டா. முப்பத்தேழாவது வரிசையைச் சரிபண்ண மவுஸை இழுத்தேன். கீழ் வரிசையும் சேந்து தேர்வாயிருந்திருக்கு. நான் பாக்கல. அதுவும் கூடவே நகந்திருக்கு."

முகம் வெளுத்துப் போயிருந்தது. இருபத்தோரு வருடத்தில் இதுதான் முதல் தப்பு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்குள் எழுந்து தலைவரின் அறைக்குள் போய்விட்டார். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

டாக்டர் இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தான், அவசரத்தில் பார்க்கவில்லை.

"மணிலாவுக்கு நேத்தே அனுப்பிட்டேன் மனாங்."

"திருப்பி வாங்குங்க டாக்டர்."

"அதுல உங்க பேரும் இருக்கு."

"அதையும் சேத்துத்தான்."

"ரெண்டு நாள் பொறுங்க. வேற மாதிரியும் ஒரு தடவ பாத்துட்டு..."

"ரெண்டு நாள்ல இறாலப் பொதச்சிருவாங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அன்று மாலையே மீன்வளத் துறைக்கு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணிலாவுக்கும் எழுதினார்.

அந்தச் செய்தி லெகானெஸ் போய்ச் சேர்வதற்குள் கிறிஸ்புலோவே வந்துவிட்டார். புதன்கிழமை காலை ஆய்வுக்கூடத்தைத் திறக்கும்போது, ஐஸ் பெட்டி நிறைய இறாலோடு வாசலில் நின்றார். மெலிந்த ஆள், காலில் காய்ந்த சேறு.

"இன்னொரு தடவ பாருங்க மேடம். இதுல ஒண்ணுகூட சோர்ந்து போகல. எப்படித் துள்ளுதுன்னு பாருங்க."

"பாத்தாச்சு மனோங்," என்றார் மனாங். "உங்க குளத்துல இருக்கிறது பழைய வகைதான். எல்லாக் குளத்துலயும் இருக்கிறது. அதுக்காக யாரும் குளத்த வத்தவைக்கிறதில்ல. உத்தரவ நிறுத்தச் சொல்லியாச்சு."

அவர் நம்பவில்லை. மனாங் அவரைக் கணினிக்கு முன் உட்காரவைத்து, கோட்டை இடப்பக்கம் இழுத்துக் காட்டினார். மூன்று எழுத்து நிறம் மாறியது. வலப்பக்கம் இழுத்தார். நிறம் திரும்பி வந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத நகத்தினது யாரு?"

"நான்."

கிறிஸ்புலோ அவர் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி மனாங்கிடம் நீட்டினார்.

"ரெண்டு ராத்திரியா என் பொண்டாட்டி தூங்கல. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பா. நீங்களே சொல்லுங்க."

மனாங் போனை வாங்கினார்.

"நான் ஆய்வுக்கூடத்துலேருந்து லுடிவினா பேசறேன். உங்க குளத்துக்கு ஒண்ணும் ஆகாது. உங்க இறால்ல தப்பு இல்ல. தப்பு என்னோடது."

அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அழுகை நிற்கும்வரை மனாங் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.