பச்சை மூங்கிலும் மாதையன் போட்ட முடிச்சும்

"சார், இதுல என்னங்க எழுதியிருக்குது?"

எழுபதுகளில் ஒரு மத்தியானம், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஓர் இங்கிலீஷ் தாளை நீட்டி மாதையன் என்னைக் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

அந்த மாதையன் நேற்றுக் காலை இறந்துவிட்டார்...

பெங்களூரில் அப்போது மாடி மேல் மாடியாகக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மூங்கிலால் சாரம் கட்டப் போனவர்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய. மாதையன் அவர்களுக்கு மேஸ்திரி.

ஒரு லீவில் பார்க்கப் போனேன். ஆறாவது மாடி உயரத்தில், சாரத்தில் நின்றுகொண்டு கத்தினார்: "வாத்தியாரே, ஏறி வாங்க! உங்க ஸ்கூல் பெஞ்சு அளவுக்கு இது ஆடாதுங்க!"

கீழே இருந்த சித்தாள்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் ஏறவில்லை.

இறங்கி வந்து டீ குடிக்கும்போது சொன்னார். "காஞ்ச மூங்கில்னா கவலையில்லைங்க. பச்சை மூங்கில் காயக் காய இளைக்கும். விரல் இளைச்சா மோதிரம் லூசாவுதில்ல, அந்த மாதிரி. பத்து நாள்ல எல்லா முடிச்சையும் திரும்ப இறுக்கணும்."

அடுத்த கட்டிடத்தில் அவசரமாம். லாரியில் வந்து இறங்கியது அத்தனையும் பச்சை.

பத்தாம் நாள் மாதையன் இன்ஜினியரிடம் போனார். "ஒரு நாள் யாரையும் ஏத்தாதீங்க. இறுக்கிக் குடுத்துடறேன்."

"நல்லாத்தானே நிக்குது? ஊருக்குப் போவணும்னா நேரா லீவு கேளுய்யா."

அதற்கு மூன்றாம் நாள் சாரம் சரிந்தது. விழுந்து செத்தது மாதையனின் மச்சினன்.

அந்த வாரமே கம்பெனிக்காரர்கள் ஒரு தாளில் மாதையனிடம் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். அதன் நகலைத்தான் என்னிடம் நீட்டினார்.

'மேஸ்திரி முடிச்சைச் சரியாகப் போடாததே காரணம். அதை அவரே ஒப்புக்கொள்கிறார்.'

பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். செத்தவனின் அக்கா.

"விபத்துன்னு எழுதியிருக்குதுங்க. வேறொண்ணுமில்லைங்க" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான்...

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறுத்து ஒரு மனு போட்டிருக்கலாம். நானே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

பல வருஷம் கழித்து அவர் மகள் படித்து, அந்தத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதன் பிறகு ஒரு கல்யாணத்தில் எதிரே வந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னுதானே சார் உங்ககிட்ட வந்தேன்?"

பந்தியில் என் பக்கத்தில் அவர் உட்காரவில்லை.

நேற்று சாவு வூட்டிலும் ஒருத்தர் என் காதோரம் சொன்னார்: "நல்ல மனுசன்... ஒரே ஒரு முடிச்சுதான் தப்பாப் போட்டுட்டாரு." இந்த முறை நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் நம்பியதாகவும் தெரியவில்லை.

போய் வாங்க மாதையன்...

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். புதிதாக வெட்டிய பச்சை மூங்கில் துண்டு இரண்டைக் குறுக்காக வைத்து, உங்கள் பலம் மொத்தமும் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வெயிலில் போடுங்கள். பத்து நாள் கழித்துக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள்.