கேட்டுக்கொண்டே கிடந்தவள்

கிண்ணியாவில் ரபீக்காவைத் தெரியாத பெண்கள் குறைவு. வீட்டில் தையல் மெசின் வைத்துப் பெருநாள் உடுப்புகள் தைப்பவள். வாய் ஓயாதவள். அந்த வாய்தான் ஒரு வெள்ளிக்கிழமை முதலில் மரத்துப் போனது.

அன்று தலையும் தோலும் நீக்கிய மீன் வாங்கியிருந்தாள். கூடவே கொஞ்சம் சினை. எந்த மீனின் சினை என்று விற்றவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கணவன் முனாஸ் ஜும்ஆவுக்குப் போயிருந்தான். பசி தாங்காமல் சினையை மட்டும் பொரித்து, குசினியில் நின்றபடியே தின்றாள்.

சற்று நேரத்தில் உதட்டில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பிறகு நாக்கில், பிறகு விரல் நுனிகளில். கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. உடைந்த சத்தம் கேட்டதே தவிர, அது கையை விட்டுப் போனது தெரியவில்லை. கதிரையைப் பிடிக்கப் போனவள் தரையில் சரிந்தாள்.

முனாஸின் தங்கை அசனா ஓடிவந்தாள். பின்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள்.

"மச்சி! மச்சி, என்னப் பாருங்க!"

ரபீக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பதில் சொல்ல நினைத்தாள். நாக்கு அசையவில்லை. மூச்சு மெலிந்து மெலிந்து, நெஞ்சு ஏறி இறங்குவதே வெளியில் தெரியாமற் போயிற்று. அவள் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்த ஒருத்தி, "மௌத்தாயிட்டா புள்ள" என்றாள். யாரோ இமைகளை இழுத்து மூடினார்கள்.

இருட்டு. அதற்குள் அவளுடைய இதயம் மட்டும் தொம், தொம் என்று கேட்டது. வெளியே அழுகை. "கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுங்க" என்றது ஒரு குரல். "கட்டிட்டன்" என்றது இன்னொன்று. கட்டியது அந்தப் பேச்சில்தான் தெரிந்தது, காலில் தெரியவில்லை. அடுத்த வீட்டு அஸ்மியா மூக்கைச் சீந்திக்கொண்டு, "என்ட உடுப்ப வெட்டி வெச்சிட்டுப் போயிட்டாளே" என்றாள்.

நான் இரிக்கன், நான் இரிக்கன் என்று ரபீக்கா உள்ளே கத்திக்கொண்டிருந்தாள்.

முனாஸ் வந்து அவள் நெஞ்சில் விழுந்து அழுதான். திடீரென்று அழுகை நின்றது.

"பொறுங்க. ஆரும் கதைக்காதீங்க."

காதை அழுத்தி வைத்தான்.

"அடிக்குது! ஓட்டோவக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருந்ததால்தான் பிழைத்தாள். தொண்டைக்குள் குழாய் வைத்து, காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே திருகோணமலைக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே ஒரு இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது.

டாக்டர் சிவாஜினி கட்டிலருகே குனிந்தார். "அக்கா, நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்கும். நீங்கள் திண்டது பேத்தை மீன்ர சினை, அந்த ஊதிப் பெருக்கிற மீன். அந்த நஞ்சு நரம்புகளை அடைச்சுப்போட்டுது. மூளை சொல்லுறது தசைகளுக்குப் போய்ச் சேருதில்லை. அதாலதான் கையைக் காலை அசைக்க ஏலாது, மூச்சும் விட ஏலாது. இதயம் வேற மாதிரி. அதுக்கு வெளியில இருந்து கட்டளை வரத் தேவையில்லை, தன்ர துடிப்பைத் தானே உண்டாக்கும். நஞ்சு மெல்ல மெல்லக் கழியும். அதுவரைக்கும் மெசின் மூச்சு விடும். பயப்படாதேங்கோ."

இயந்திரத்தின் சத்தத்தையும் இதயத்தின் சத்தத்தையும் மாறி மாறிக் கேட்டபடி ரபீக்கா இமைகளுக்குள் கிடந்தாள். மறுநாள் பகல் வலது கைக் கட்டைவிரல் துடித்தது. அதற்குப் பிறகு இமை திறந்தது.

வீடு திரும்பியதும் பெண்கள் பார்க்க வந்தார்கள். யார் எங்கே நின்று என்ன சொன்னது என்று அவள் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணை மூடிவிட்ட பெண் பாதியில் எழுந்து போனாள். அஸ்மியாவின் உடுப்பை ரபீக்கா தைத்து முடித்து அனுப்பினாள். அதை அவள் உடுத்து யாரும் கண்டதில்லை.

கொஞ்சக் காலம் ஊர் அவளைப் பார்த்து ஒதுங்கியது. இப்போது மரண வீடுகளில் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். ரபீக்கா வந்து பார்க்கும்வரை எந்தப் பெண் மையித்தின் கண்ணையும் மூடுவதில்லை. கழுத்தில் இரண்டு விரலை வைத்து நெடுநேரம் இருப்பாள். நெஞ்சில் காதை வைப்பாள். சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள்.

"இல்ல" என்று தலையசைத்த பிறகும் அவள் எழும்புவதில்லை. குனிந்து, மையித்தின் காதோடு மெதுவாகச் சொல்வாள்:

"தண்ணி ஊத்தப் போறம், உம்மா. கொஞ்சம் குளிரும்."