முன் வரிசையில் நின்ற வெள்ளிக்கிழமை

கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஜும்மா தொழுகைக்குப் போனால் வாசலருகே கடைசி வரிசையில்தான் நிற்பேன். அங்கிருந்தால் செருப்பு கண்ணில் படும். மகளுக்கு ஆபரேஷன் நடந்த வெள்ளிக்கிழமை மட்டும் நேரே முன் வரிசைக்குப் போய்விட்டேன். அழுது தொழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம்.

இமாமிடம் போய்க் கத்தினேன். "அல்லா வூட்டுலயே திருடுறானுங்க, ஹஜ்ரத்! இத்தினி வருசத்துல ஒருவாட்டிகூட செருப்பு போனதில்லிங்க! மகளுக்கு ஆபரேஷன் நடக்குற இன்னிக்குப் பாத்துப் போயிடுச்சிங்க!"

அவர் சிரித்தார். "இத்தினி வருசமா நீங்க செருப்பப் பாத்துக்கினு இருந்தீங்க, பாய். இன்னிக்குத்தான் தொழுதிருக்கீங்க."

பிறகு தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

மகள் குணமாகி வீடு திரும்பினாள். அடுத்த ஜும்மாவுக்குப் புதுச் செருப்போடு போனேன். கால்கள் தாமாகவே கடைசி வரிசைக்குப் போய் நின்றன. தொழுகை முடிந்ததும் செருப்பு விட்ட இடத்தில் பத்திரமாக இருந்தது. அதைப் போட்டுக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது.