வீட்டுக்குள் செருப்பு

என் மாமியாரிடம் ஒரு நீலச் செருப்பு இருந்தது. அழுத்தினால் விரல் பதியும், அவ்வளவு மெத்தென்று இருக்கும். கால் ஆணிக்காக, வீட்டுக்குள் போட்டு நடப்பதற்கென்றே தேனி டாக்டர் எழுதிக் கொடுத்தது. இப்போது எனக்கும் அதே மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுப்படி வரைக்கும் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என் மருமகள் என்னைவிட நல்லவள்.

கம்பத்தில் நாங்கள் வீடு கட்டி டைல்ஸ் போட்ட வருஷம் அது. முகம் பார்க்கலாம் போலிருந்த அந்தத் தரையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. திராட்சைப் பந்தலுக்கடியில் காலமெல்லாம் வெறுங்காலோடு நின்ற அத்தைக்கோ வலது பாதத்தில் ஆணி. மண்ணில் எப்படியோ சமாளித்தவருக்கு டைல்ஸில் கால் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது. பிளேடை எடுத்துத் தானே சீவிக்கொள்வார். டாக்டர் அதற்குக் கோபித்துக்கொண்டு, வெந்நீரில் காலை ஊறவைத்து மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். அழுத்தம் குறையாமல் ஆணி போகாது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றார்.

அத்தை அந்தச் செருப்பைத் தெருவில் ஒருநாளும் போட்டதில்லை. வாங்கி வந்த அன்றே சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ளே கொண்டுவந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்தும், வீடு பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது அவர்கள் காதில் விழும்படி கேட்டேன்: "சாமி கும்புடுற வீட்டுக்குள்ள செருப்போட நடந்தா லட்சுமி தங்குமா அத்தை?"

அவர் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார். அன்றிலிருந்து குதிகாலை ஊன்றி, சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு அடுப்படிக்கு வருவதே நின்றுபோனது. வேலைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார் என்று வேறு நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஆண்டிபட்டியில் மகள் வீட்டுக்குப் போனவர் அதன்பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ஒருமுறை அழைத்துவர நானே போனேன், முன்கூட்டிச் சொல்லாமல். படியேறும்போதே பார்த்தேன். அத்தை அந்த நீலச் செருப்போடு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. நாத்தனாரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "வாத்தா" என்றவர், சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். குதிகாலை ஊன்றி ஊன்றிப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"செருப்பைப் போட்டுக்கங்க அத்தை" என்றேன்.

"இருக்கட்டும்த்தா. நீ போன பெறகு போட்டுக்கிறேன்."