டிரைவரம்மா கேட்கப் பழகியது

டிப்போவில் அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை நீளப் பேருந்தைச் சந்து முனையில் ஒரே மடக்கில் திருப்பிவிடுகிறவளுக்கு, ஒன்பது வயது மகளை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

மகளுக்கு வீட்டில் குட்டிப்பிசாசு என்று பெயர். தானே அடம்பிடித்து வயலின் வகுப்பில் சேர்ந்தவள், சில மாதங்களிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் யாராவது கூட உட்கார்ந்தால் நன்றாக வரும் என்று டீச்சர் சொன்னதால், வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு டிரைவரம்மா மகளுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். நாளெல்லாம் இன்ஜின் இரைச்சலில் ஊறிய காது. வயலின் கீச்சிடத் தொடங்கியதுமே கண் சொருகும். சத்தம் நின்றதும் திடுக்கிட்டு விழித்து, "சூப்பர்டா தங்கம்!" என்பாள்.

ஒருநாள் குட்டிப்பிசாசு வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று வில்லை இழுத்துவிட்டு நிறுத்தினாள்.

"சூப்பர்டா தங்கம்!"

"என்ன சூப்பர்? அது பாட்டே இல்ல. சும்மா கிறுக்கினேன்."

"கேட்டேன்டி, நல்லாத்தான்..."

"பொய்! நீ எப்பவும் தூங்கித்தான் வழியற. இனிமே நான் வாசிக்க மாட்டேன், போ." வயலினைப் பெட்டிக்குள் வைத்து டப்பென்று மூடினாள்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "கையும் களவுமா மாட்டினியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் குழந்தை எத்தனை நாள் தன்னைக் கவனித்திருக்கும் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் வகுப்பு வாசலில் டீச்சரைப் பிடித்தாள். "எனக்குச் சங்கீதத்துல ஆனா ஆவன்னா தெரியாது டீச்சர். எதைக் கேக்கணும்னு சொல்லுங்களேன்."

"நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்றதை விட்டுடுங்க. எந்த இடம் கஷ்டமா இருக்குன்னு அவகிட்டயே கேளுங்க. வில்லு சாயாம போகுதான்னு பாருங்க. அது போதும்."

அன்று மாலை டிரைவரம்மா உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"நேத்து நான் தூங்கினது தப்புதான்டா. இன்னைக்கு நின்னுக்கிட்டே கேக்கறேன். எந்த இடம் உன்னைப் படுத்துது?"

குட்டிப்பிசாசு பெட்டியின் கொக்கியை நோண்டினாள். அப்புறம் முணுமுணுப்பாக வந்தது. "மேல ஏறி இறங்குற இடம். விரல் போய்ச் சேர்றதுக்குள்ள வில்லு ஓடிடுது."

"அப்போ வளைவுல போற மாதிரி வேகத்தைக் குறைச்சுப் பாரேன்."

"உனக்கு எல்லாமே பஸ்ஸுதானா!" என்றாலும் பெட்டி திறந்தது. அந்த ஒரு வரியை மெதுவாக, திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"வில்லு சாயுது."

"தெரியும்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நேராக்கிக்கொண்டாள்.

எல்லா நாளும் அப்படி அமைந்துவிடவில்லை. சண்டை, கண்ணீர், கதவு அறைதல் எல்லாம் நடந்தன. ஆனால் பாட்டு எப்படியோ டிரைவரம்மாவின் வாயில் ஒட்டிக்கொண்டது. சிக்னலில் நிற்கும்போது தன்னை அறியாமல் முனகுவாள்.

"என்னக்கா, அந்த ஒரு வரியையே போட்டு அரைக்கிறீங்க? அடுத்த வரி கிடையாதா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அடுத்த வரி எங்க வீட்டுல இன்னும் வரலப்பா!"

வகுப்புப் பிள்ளைகள் பெற்றோர் முன்னால் வாசிக்கும் நாள் வந்தது. குட்டிப்பிசாசு ஏறி இறங்கும் இடத்தில் தடுக்கி நின்றுவிட்டாள். டிரைவரம்மாவின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது, பிரேக் போடுவதுபோல. மகள் ஒரு மூச்சு விட்டு, அந்த வரியை மட்டும் மெதுவாக எடுத்து ஏறினாள், இறங்கினாள், முடித்தாள்.

வெளியே வந்ததும் முதல் கேள்வி, "எப்படி இருந்துச்சு?"

"நடுவுல நின்னுட்ட. நீயா மெதுவா எடுத்த. கடைசில வில்லு கொஞ்சம் சாஞ்சுது."

குட்டிப்பிசாசு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயலின் பெட்டியை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, மறுகையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அடுத்த பாட்டு இதைவிடக் கஷ்டமாம்."

"வரட்டும்டி, பாத்துக்கலாம்."